முப்பத்தைந்து தட்டு

வேலுத்தாய் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அலுவலகத்தில் ஏழு பணியிடங்கள் இருந்தன, ஆட்கள் மூன்று பேர்தான். அரசுப் பொறியியல் துறை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் அது. விருதுநகரில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் கட்டப்படும் பாலம், ரோடு எல்லாவற்றுக்கும் போகிற கான்கிரீட் இங்கே சோதிக்கப்பட்டுத் தேற வேண்டும். உதவிப் பொறியாளர் ஒருவர், கண்காணிப்பாளர் லட்சுமிகாந்தம், வண்டி ஓட்டும் ஒச்சப்பன். நான்காவதாக ஆய்வக உதவியாளர் வேலுத்தாய்.

ஆள் குறைவைப் பற்றி யாராவது புலம்பினால் வேலுத்தாய் சொல்வார்: "எங்க கம்பெனியிலயும் ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது சார். இங்க அரசாங்கமே பாத்து நாலோட நிறுத்திருச்சு."

கம்பெனி என்று அவர் சொன்னது நாரணாபுரத்தில் இருக்கும் ஒரு பட்டாசு ஆலையை. பதினாறு வருடம் அங்கே மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தார். கணவர் சுடலை இதே துறையில் சாலைப் பணியாளர். மாரடைப்பில் இறந்தார். கருணை அடிப்படையில் வேலை கேட்டு வேலுத்தாய் மனுப் போட்டு, மூன்று வருடம் அலைந்து, நாற்பத்தொரு வயதில் பணி ஆணை வாங்கினார். மகள் ரோஜா அப்போது பத்தாம் வகுப்பு.

பணி ஆணையில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அடிப்படைப் பயிற்சிக்குப் போக வேண்டும். இரண்டு வருடம் தகுதிகாண் பருவத்தைத் திருப்தியாக முடிக்க வேண்டும், அதன் பிறகுதான் வேலை நிலைக்கும். பயிற்சிக்கான கோப்பை லட்சுமிகாந்தம் இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் அவரே அதன் கீழ் 'பதிலாள் இல்லாததால் அனுப்ப இயலவில்லை' என்று எழுதி மூடினார். ஒருவரை அனுப்பினால் அந்த வாரம் தொட்டியில் ஊறும் கியூப்களை எடுத்து வைக்கக்கூட ஆள் கிடையாது.

கியூப் என்பது கான்கிரீட்டின் மாதிரி. ஒரு சாண் கூட இல்லாத இரும்பு அச்சில் கான்கிரீட்டை நிரப்பி, மறுநாள் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, இருபத்தெட்டாம் நாள் மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு தாங்குகிறது என்று முள் காட்டும். முதல் ஒன்றரை வருடம் கண்ட்ராக்டர்களின் ஆட்களே கியூப் போட்டுக் கொண்டுவந்தார்கள். வேலுத்தாய்க்கு எண் எழுதுவதும் எடை போடுவதும் தொட்டியைப் பார்ப்பதும்தான் வேலை. பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி ஆய்வக ஊழியரே வேலை நடக்கும் இடத்துக்குப் போய்த் தன் கையால் கியூப் போட வேண்டும்.

அந்த மாதம்தான் பிரீத்திகா புதிய உதவிப் பொறியாளராக வந்திருந்தார். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் குடும்பம். இருபத்தாறு வயது. வந்த பத்தாம் நாளே பக்கத்து உட்கோட்டத்தையும் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டார்கள். ஒரு காதில் கைப்பேசியுடன் சுவரில் ஒட்டியிருந்த ஆங்கில விளக்கப்படத்தைக் காட்டி வேலுத்தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்.

"அக்கா, மூணு லேயர். ஒவ்வொரு லேயருக்கும் இந்தக் கம்பியால முப்பத்தஞ்சு தட்டு. எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது."

"குறையாது மேடம்."

"சரி, ஒரு நிமிஷம்," என்று கைப்பேசிக்குத் திரும்பினார். பயிற்சி அத்துடன் முடிந்தது.

எண்ணிக்கை ஒரு நாளும் குறையவில்லை. அந்தக் கம்பியைத் தொடத்தான் வேலுத்தாய்க்கு முதலில் கூச்சமாக இருந்தது. ஆலையில் இரும்பு என்பது வாசலுக்கு வெளியே இருக்க வேண்டிய பொருள், கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மருந்தைக் குழலில் போட்டு மரக் குச்சியால் மெல்லத் தட்டித் தட்டி இறக்க வேண்டும். உரசக் கூடாது, இடிக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. பதினாறு வருடத்தில் அவர் அறையில் ஒரு பொறிகூடப் பறந்ததில்லை. போர்மேன் புதிதாக வரும் பெண்களை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, "வேலுத்தாயி கையப் பாருங்க, வாயப் பாக்காதீக" என்பாராம்.

அதே கையால்தான் கான்கிரீட்டையும் தட்டினார். ஒவ்வொரு தட்டும் ஒரே அளவில் விழும். மேற்பரப்பைக் கரண்டியால் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்குவார். அச்சைக் கழற்றினால் கியூப் பலகாரம் போல அழகாக இருக்கும். "மைசூர்பாகு எந்தக் கடையில வாங்குனீக?" என்று ஒச்சப்பன் கேட்பார்.

ஐந்து மாதம் இப்படி நடந்தது. கியூப்கள் தேறின. தகுதிகாண் பருவம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சிறுபாலத்தின் மேல்தளத்துக்குப் போட்ட கியூப்கள் சோதனையில் விழுந்தன. முள் ஐந்நூற்று அறுபத்து மூன்று கிலோநியூட்டனைத் தாண்ட வேண்டும். முதல் கியூப் நானூற்றுப் பதினெட்டில் நொறுங்கியது. இரண்டாவது நானூற்று முப்பத்தொன்று. மூன்றாவது நானூற்று ஒன்பது. தளத்தை உடைத்துத் திரும்பப் போட வேண்டும் என்று மேலிடத்துக்குப் பரிந்துரை போனது.

மறுநாள் காலையிலேயே கண்ட்ராக்டர் ரத்தினசாமி வந்து நின்றார். பெரிய உடம்பு, வேர்த்து ஊற்றியது.

"மேடம், நான் முப்பது வருசமா கான்கிரீட் போடுறேன். இந்தத் தடவதான் நீங்க சொன்னீகன்னு தண்ணியக் கொறச்சு, கெட்டியாப் போட்டேன். கை விட்டுப் போச்சுன்னு ஆளுக எல்லாம் என்னைய வஞ்சானுக. கெட்டியாப் போட்டதுக்கா இந்தத் தண்டன?"

"நம்பர் இதுதான் சார். நம்பரை நான் மாத்த முடியாது," என்றார் பிரீத்திகா.

ரத்தினசாமி வேலுத்தாய் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ அங்கனதான நின்ன? கலவையப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

"கேட்டீகளா மேடம்!"

"பார்த்தா தெரியாது சார். அதுக்குத்தான் மெஷின்."

அவர் போன பிறகு வேலுத்தாய் உடைந்த கியூப்களின் துண்டுகளை அள்ளினார். உள்ளே அங்கங்கே பொந்து பொந்தாக இருந்தது. கலவையில் குறை இருக்கும் என்றுதான் அவரும் நினைத்தார்.

அந்த வாரத்திலேயே மதுரையில் மூன்று நாள் பயிற்சிக்கு உட்கோட்டத்துக்கு ஒருவரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. பொறியாளர்களுக்கான பயிற்சி. பிரீத்திகாவால் இரண்டு உட்கோட்டத்தை விட்டுப் போக முடியாது. பெயர் கொடுக்காவிட்டால் மேலிடம் கோபிக்கும். லட்சுமிகாந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வேலுத்தாய் போகட்டும். பயிற்சிக்கு அனுப்பலேன்னு நம்ம மேல இருக்கற குறையும் தீந்துபோகும்," என்றார்.

பயிற்சி நிலையத்தில் கொடுத்த அட்டையில் 'பொறி. வேலுத்தாய்' என்று அச்சடித்திருந்தது. மாற்றச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டு வரிசையில் ஓர் இளைஞர், "மேடம், நீங்க எந்த பேட்ச்?" என்று கேட்டார்.

"நாரணாபுரம் பேட்சுங்க."

அந்த இளைஞர் மரியாதையாகத் தலையாட்டினாராம்.

முதல் நாள் முழுக்க ஆங்கிலமும் தமிழும் கலந்து படங்கள் ஓடின. இரண்டாம் நாள் செய்முறை. பயிற்றுநராக வந்த பெண் பொறியாளர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அச்சில் ஒரு அடுக்கு கான்கிரீட்டைப் போட்டு, கம்பியை ஓங்கி இறக்கினார். ணங் என்று அடியில் இரும்பு சத்தம் கேட்டது. அடுத்தது, அடுத்தது. சேறு தெறித்தது.

முதல் சத்தத்திலேயே வேலுத்தாய் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டார். கதவு எங்கே இருக்கிறது என்று கண் தேடியது. உடம்பு செய்த காரியம் அது. ஒன்றும் வெடிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தச் சத்தத்தின் பொருள் அவருக்குப் புரிந்தது.

முன்வரிசையில் ஒருவர் கம்பியை வாங்கி மெதுவாக ஆரம்பித்தார். "என்ன சார், பிள்ளையத் தூங்க வைக்கிறீங்களா?" என்றார் பயிற்றுநர். "தட்டாதீங்க. குத்துங்க. உள்ள இருக்கிற காத்தெல்லாம் வெளிய வரணும். காத்து நின்னா அந்த இடம் பொந்து."

வேலுத்தாய் கையைத் தூக்கினார். "அப்ப, தட்டுனா கியூப் விழுந்துருமாங்க?"

"தண்ணி ஜாஸ்தியா இருக்கிற கலவை தானா இறங்கிக்கும், தட்டுனாலும் குறை தெரியாது. நல்ல கெட்டிக் கலவையா இருந்தா கண்டிப்பா விழும்."

வேலுத்தாய் தன் முறை வந்தபோது கம்பியைப் பிடித்து ஓங்கினார். கை மேலே போனது. இறங்கும்போது பாதியில் தானாக மெதுவாகி, கான்கிரீட்டின் மேல் பூப்போல உட்கார்ந்தது. மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் அப்படியே.

பயிற்சி முடிந்து சிவகாசி பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் நாள் கணக்குப் போட்டார். திங்கட்கிழமை தகுதிகாண் பருவ அறிக்கையில் பிரீத்திகா கையெழுத்துப் போடுவார். தளத்தை உடைக்கிற ஆணையும் அடுத்த வாரம் வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் தான் வாய் திறக்க வேண்டும், இல்லை திறக்காமல் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ராக்காயியிடம் சொன்னார். ராக்காயி இன்னும் அதே ஆலையில், அதே அறையில் இருப்பவர்.

"ஏட்டி, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வாயப் பொத்திக்கிட்டுக் கெட."

"பாலத்த ஒடச்சிருவாகளே."

"ஒடைக்கட்டுமே! அந்தக் கண்ட்ராக்டரு ஒனக்கு மாமனா மச்சானா? அவன் ஒரு பாலம் போனா இன்னொரு பாலம் கட்டுவான். ஒன் வேல போனா நீ எங்கிட்டு வருவ? என் பக்கத்துல வந்துதான் ஒக்காரணும். ஒக்காரு, வா. சீசன் வேற."

"அவன் கெட்டியாத்தான் போட்டான் மதினி. நான் பாத்தேன்."

"பாத்தேன் கேட்டேன்னு போயிச் சொல்லு. ரோசா படிப்ப நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

ராக்காயி கோபமாகத்தான் போனார். ஆனால் அரை மணி நேரத்தில் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்பினார்.

திங்கட்கிழமை பிரீத்திகா உள்ளே வந்து கைப்பையை வைப்பதற்குள் வேலுத்தாய் போய் நின்றார்.

"மேடம், அந்தக் கியூப விழ வச்சது நாந்தான்."

"என்னக்கா சொல்றீங்க?"

"குத்தணுமாம் மேடம். நான் தட்டிட்டேன்."

பிரீத்திகா முதலில் நம்பவில்லை. பதிவேட்டை எடுத்து எடைப் பத்தியைப் பார்த்தார். மற்ற கியூப்கள் எட்டே கால் கிலோ, எட்டரை கிலோ. ஏழாயிரம்பண்ணை கியூப்கள் மூன்றும் ஏழரை. வேலுத்தாய் கையால் எழுதிய எண்கள். இருபத்தெட்டு நாளாக அங்கேயே இருந்தவை, யாரும் படிக்கவில்லை.

"நான் உங்களுக்கு என்னன்னு சொன்னேன், அன்னைக்கு?"

"முப்பத்தஞ்சு தட்டுன்னு சொன்னீக மேடம். எண்ணிக்கை குறையக் கூடாதுன்னீக. குறையல."

பிரீத்திகா சுவர்ப்படத்தைப் பார்த்தார். ஆங்கிலத்தில் அங்கே இருந்த சொல்லுக்கு அவசரத்தில் அவர் வாயில் வந்த தமிழ் 'தட்டு'. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. கொத்தனார் ஒருவரிடம் தட்டு என்றால் அவர் குத்தித்தான் தள்ளுவார். பதினாறு வருடம் மருந்து அடைத்த கைக்கு அந்தச் சொல் என்னவென்று அவர் யோசித்ததில்லை. பதிவேட்டை மூடிவிட்டு, தளத்திலிருந்தே மாதிரி வெட்டி எடுத்துச் சோதிக்க மேலிடத்துக்குப் பேசினார்.

நான்கு நாள் கழித்து மதுரையிலிருந்து ஆட்கள் வந்து மேல்தளத்தில் மூன்று இடத்தில் துளைத்து, குழவிக்கல் போல உருளை உருளையாக எடுத்துப் போனார்கள். மூன்றும் தேறின. நன்றாகவே தேறின.

ரத்தினசாமி ஆய்வகத்துக்கு வந்தார். வேலுத்தாய் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"ஏத்தா, முன்னால வா. சுத்தியல் வச்சுப் பாலத்த ஒடச்சவனப் பாத்திருக்கேன். மெல்லத் தட்டியே ஒடைக்கப் பாத்த ஆளு இந்த மாவட்டத்துலயே நீ ஒருத்திதான்."

"மன்னிச்சுக்கிருங்க ஐயா."

"நீ சொல்லாட்டி எனக்கு எங்க தெரிஞ்சிருக்கப் போகுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாலம் தப்பியது. வேலுத்தாயின் வேலைதான் இப்போது மேசை மேல் இருந்தது. தவறான மாதிரிக்கு விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை வந்தது. லட்சுமிகாந்தம் இதில் கைதேர்ந்தவர். ஐந்தே நிமிடத்தில் ஒரு விளக்கக் கடிதம் தயார் செய்து நீட்டினார். 'எனது கவனக்குறைவால் நேர்ந்த இத்தவறுக்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது என உறுதியளிக்கிறேன்.'

"கையெழுத்துப் போடும்மா. எச்சரிக்கையோட முடிஞ்சிரும். தகுதிகாண் பருவமும் இந்த மாசமே முடிஞ்சிரும்."

வேலுத்தாய் படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"கவனக்குறைவு இல்லைங்க சார். கவனமாத்தான் தட்டுனேன்."

"அது எனக்குத் தெரியாதா? இது எல்லாரும் எழுதுறதுதாம்மா. நானே என் சர்வீஸ்ல மூணு தடவ எழுதியிருக்கேன்."

"நீங்க எழுதலாம் சார். எங்க பக்கம் ஒரு ரூம் வெடிச்சு ஆளு போயிருச்சுன்னா, மறுநாள் பேப்பர்ல அந்த வார்த்தையத்தான் போடுவாக. தொழிலாளி கவனக்குறைவுன்னு. செத்தவ வந்து இல்லைன்னு சொல்லவா போறா? நான் உசிரோட இருக்கேன். இந்தக் கையால ஒருநாளும் கவனக்குறைவாத் தட்டுனதில்ல."

"அப்ப கோப்பு மேல போகும். மேல போனா என்ன ஆகும்னு நான் சொல்ல முடியாது."

"போகட்டும் சார். தெரியாமச் செஞ்சேன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

லட்சுமிகாந்தம் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். மனசு மாறினால் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். வேலுத்தாய் அன்று மதியம் ஒரு வெள்ளைத்தாளில் தானே எழுதினார். நான்கு வரிதான். தனக்குச் சொல்லப்பட்டபடி முப்பத்தைந்து முறை தட்டியதாகவும், குத்த வேண்டும் என்பது தனக்குத் தெரியாது என்றும், பயிற்சிக்குப் போன பிறகே தெரிந்தது என்றும், தெரிந்த பிறகு வந்த முதல் வேலை நாளிலேயே தானே வந்து சொன்னதாகவும் அதில் இருந்தது.

பிரீத்திகா அதைப் படித்துவிட்டுத் தன் அறிக்கையை மாற்றி எழுதினார். பயிற்சிக்கு அனுப்பாதது அலுவலகம் என்றும், தவறான சொல்லைச் சொன்னது தான் என்றும், பக்கத்தில் நின்று பார்க்கவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். லட்சுமிகாந்தம், "மேடம், நீங்களும் தகுதிகாண் பருவத்துலதான் இருக்கீக," என்று மட்டும் சொன்னார். கோப்பு மேலே போனது. விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. மறுபடி போனது.

காத்திருந்த நாட்களில் வேலுத்தாய் கையைப் பழக்கினார். மதியச் சாப்பாடு முடிந்ததும் பழைய அச்சு ஒன்றில் ஜல்லியும் மணலும் ஈரமாகக் கலந்து போட்டுக் குத்துவார். முதல் வாரம் ஒவ்வொரு குத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டார். ஆலையில் போலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிற பழக்கத்தை விட்டு, காலில் போட்டுக்கொண்டே குத்திப் பார்த்தார். பிரீத்திகா நேரம் கிடைக்கும்போது வந்து பக்கத்தில் நிற்பார். மூன்றாவது வாரம் அடியில் இரும்பு ணங் என்று கேட்டது. காரியாபட்டியில் ஒரு வேலைக்குப் போனபோது அங்கிருந்த கொத்தனார், "யம்மா, அச்சு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டதாக ஒச்சப்பன் வந்து எல்லோரிடமும் சொன்னார். அந்த கியூப்கள் எட்டேகால் கிலோவுக்கு மேல் இருந்தன.

ஆணை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. லட்சுமிகாந்தம் உறையைப் பிரித்து, முதலில் தானே படித்துவிட்டு, முகத்தைத் தூக்கினார்.

"தகுதிகாண் பருவம் ஆறு மாசம் நீட்டிப்பு. மேடத்துக்கும் ஒரு குறிப்பாணை வந்திருக்கு." பிறகு, "அந்த ஒரு வார்த்தைய எழுதியிருந்தா இன்னைக்கு முடிஞ்சிருக்கும்மா," என்றார்.

வேலுத்தாய் கையை நீட்டி ஆணையை வாங்கினார். இரண்டு பக்கம். ஜன்னல் பக்கம் போய் நின்று, முதல் வரியிலிருந்து விரல் வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அலுவலகத் தமிழ் அவருக்கு லேசில் பிடிபடாது. 'போதிய பயிற்சி பெறாத நிலையில்' என்ற இடத்தில் விரல் நின்றது. பக்கத்தைத் திருப்பி, கடைசியில் இருந்த முத்திரை வரைக்கும் போனார். அவர் தேடிய சொல் அதில் எங்கும் இல்லை. மறுபடி ஒரு முறை பார்த்தார்.

பிறகு மேசைக்கு வந்து, பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.